நூற்றிருபது ரூபாய் வரி

எட்டாம் பத்தி வரைக்கும் தடுமாற்றமில்லை.
குழுவின் பெயர்: 'விடியல்' என்றாள் பவுலின்.
எல்லாக் குழுவும் விடியல்தான் என்றாள் மும்தாஜ்.
கடைசியில் லிங்கராஜபுரம் வெந்நீர்க் குழு
என்று எழுதினேன், யாருக்கும் பிடிக்கவில்லை, நின்றுவிட்டது.
கேட்கும் தொகை: முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
பயனடைவோர்: அறுபது வீடு.
கைக்குழந்தைகளையும் எண்ணவா?
எண்ணு, முதல் பக்கெட்டே அதுங்களுக்குத்தான்.

படிவம் ஆங்கிலத்தில். எங்கள் பேச்சு தமிழில்,
இடையிடையே கங்கம்மாவின் கன்னடம்.
எழுதுகிற கை என்னுடையது,
பியூசியைப் பாதியில் விட்ட கை.

தண்டவாளச் சுவரோரம் ஒரு தகரக் கொட்டகை.
அதற்குள் பெரிய செம்பு பாய்லர்.
மூன்று இளநீர்க் கடைகள் சாயங்காலம் தள்ளிவிடும் மட்டையைப்
பிளந்து காயப்போட்டால் விறகு.
மார்கழியில் இந்த ஊர்ப் பச்சைத் தண்ணீர்
எலும்பைப் பேர் சொல்லிக் கூப்பிடும்.
உன் பக்கெட்டைக் கொண்டு வா, மேல்வாயில் ஊற்று,
கீழ்க்குழாயில் அதே அளவு சூடாகப் பிடித்துக்கொள்.
நாலு ரூபாய்.
ஊற்றாதவருக்கு வராது.
அது பாய்லரின் சட்டம், எங்களுடையதல்ல.

ஒன்பதாம் பத்தி கேட்டது:
நாங்கள் தரும் பணம் தீர்ந்த பின்னும்
திட்டம் சொந்தக் காலில் நிற்குமா?
இருநூறு சொற்களுக்குள்.

கோதுமை மாவு பாக்கெட்டைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
அறுபது பக்கெட்டுக்கு இருநூற்று நாற்பது.
மட்டை ஏற்றிவரும் ஆட்டோவுக்கு ஐம்பது.
குழாய் வாஷருக்கும், என்றாவது ஓட்டை விழப்போகும் செம்புக்கும்
எழுபது.
மீதி நூற்றிருபது
நாலு மணிக்கு எழுந்து தீ மூட்டும் இன்னாசியம்மாவுக்கு.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தோம். நின்றது.

பதினாறாம் நாள் போனில் ஒரு பெண்குரல்,
அதிகாரமே இல்லாத நல்ல குரல்.
திட்டம் அழகு. மட்டை யோசனை மிகவும் அழகு.
ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா?
அந்தக் கூலி.
சமூகத் திட்டம் அல்லவா, தன்னார்வமாகச் செய்யலாமே.
சொந்தக் காலில் நிற்பது
இன்னும் வலுவாகத் தெரியும்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
மும்தாஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை.
இன்னாசியம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கி
நரம்பு சுருண்ட இடது காலை
என் நாற்காலியின் விளிம்பில் வைத்தாள்.
"சொந்தக் கால்னா எதும்மா? இதுவா?"

என்ன சொல்கிறார்கள் என்று கேட்டது குரல்.
மொழிபெயர்க்கத் தொடங்கினேன். முடியவில்லை.
போனில் காலைக் காட்ட முடியாது.
"மேடம், அந்த வரியை எடுத்தால் தீ மூளாது.
வேண்டுமானால் பெயர்ப்பலகையை எடுத்துவிடுங்கள்.
உங்கள் பெயர் போட, நீங்கள் கேட்டதால்,
மூவாயிரத்து ஐந்நூறு எழுதியிருக்கிறோம்."

அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை.
பிறகு அது நின்று கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
யோசித்துச் சொல்கிறோம்.

வந்தது முப்பத்தைந்தாயிரம். பலகை இல்லை.
கூலி வரி இருந்த இடத்திலேயே இருந்தது,
பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக்.

முதல் நாள் பதினொரு பக்கெட்.
நாற்பத்து நாலு ரூபாய்.
ஆட்டோக்காரன் ஆறு ரூபாய்க் கடனோடு போனான்,
கங்கம்மா மாவு பாக்கெட்டை மறுபடி தேடினாள்.
சாம்பலைக் கிளறிக்கொண்டே
இன்னாசியம்மா வானத்தைப் பார்த்தாள்.
"நாளைக்கு நல்லாக் குளிரும்."