பெல்ஜியத்துக்கு ஒரு ஸ்கேல்

பாலக்கோடு அரசுப் பள்ளி
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு
முதல் பீரியட், வெர்சேல்ஸ்.

காலி சாக்பீஸ் டப்பாவில்
சீட்டுக் குலுக்கினார் புஷ்பலீலா டீச்சர்.
ஜெயவேணிக்கு பிரான்ஸ்.
அனுமந்தனுக்கு அமெரிக்கா;
பதினான்கு அம்சத்தில் ஒன்பதுவரை ஒப்பிப்பான்,
பத்தாவதில் இருமுவான்.
முனிரத்தினத்துக்கு இத்தாலி.
எனக்கு பெல்ஜியம்.
ஒரே ஒரு வசனம்:
"என் வழியாத்தான் போனாங்க."

தீர்த்தகிரிக்கென்று யாரும் திட்டமிடவில்லை.
மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டு
சட்டைக் கையில் விதை காய்ந்து ஒட்டியிருக்க
அவன் வாசலுக்கு வந்தபோது
டப்பாவில் ஜெர்மனி மட்டும்தான் கிடந்தது.

"பேச்சுவார்த்தைக்கு ஜெர்மனியக் கூப்பிடலப்பா,
கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டாங்க.
வெளியவே இரு."
சரி டீச்சர் என்றான்.
தினமும் பத்து நிமிஷம் அங்கே நிற்கிறவன்.
எந்தத் தூணில் சாய்ந்தால்
சுண்ணாம்பு ஒட்டாதென்று தெரிந்தவன்.

கண்ணாடி மாளிகை வேண்டுமே.
ஜெயவேணியின் பவுடர் டப்பாக் கண்ணாடியை
டஸ்டரில் சாய்த்து வைத்தோம்.
மின்விசிறியின் ஒரு இறக்கை
அதில் வந்து வந்து போனது.

அவன் பை உள்ளே இருந்தது.

டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பி
அல்சேஸ் லொரைன் என்று எழுதுவதற்குள்
பிரான்ஸ் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்துவிட்டது.
காம்பஸ் தனக்கு.
பேனா பிரிட்டனுக்கு.
எனக்கொன்றும் வேண்டாமென்ற அமெரிக்கா
ரப்பரை மட்டும் எடுத்துக்கொண்டது.
இத்தாலி கோபித்துக்கொண்டு
தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.
"அட, பாடத்துல இருக்கிற மாதிரியே போறான்!"
டீச்சருக்குச் சிரிப்பு.

எனக்கு ஸ்டீல் ஸ்கேல்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே
ஆணியால் கீறிய முதல் எழுத்து: தீ.
நான் கேட்கவில்லை.
கேட்காமல் கைக்கு வந்ததால்
எடுத்தது போலவே இல்லை.

வெளியே நடந்தது பிறகுதான் தெரியும்.
பி.டி. சார் அந்தப் பக்கம் வந்திருக்கிறார்.
ஏன்டா வெளிய நிக்கிற?
நான் ஜெர்மனி சார்.
மைதானம் நாலு ரவுண்டு.

மணியடிக்க மூன்று நிமிஷம் இருக்கையில்
கையெழுத்துக்குக் கூப்பிட்டால்
தூணருகே ஆளில்லை.
ஜன்னலோரப் பெண்கள்தான் காட்டினார்கள்:
கோல்கம்பத்தைச் சுற்றி, அதோ.

வந்தான்.
முழங்கால்வரை செம்மண்.
எங்கே போடணும் என்று மட்டும் கேட்டான்.
தாளில் விழுந்த வியர்வையை
பிரான்ஸ் துப்பட்டா நுனியால் ஒற்றியெடுத்தது.
நாங்கள் கைதட்டினோம்.
அவனும் தட்டினான்.

வீட்டுப்பாடம்:
உடன்படிக்கையின் ஷரத்துகள் ஐந்து எழுதுக.
தீர்த்தகிரி ஒன்றுதான் எழுதியிருந்தான்:
"நான் அப்போது ஓடிக்கொண்டிருந்தேன்."
டீச்சர் அதை அடிக்கவில்லை, மார்க்கும் போடவில்லை.
அந்த நோட்டு மட்டும் இரண்டு நாள்
அவர் மேசையிலேயே கிடந்தது.

காம்பஸ் மறுநாள் திரும்பிப் போனது. பேனாவும்.
ரப்பர் தொலைந்ததற்கு
அனுமந்தன் இரண்டு ரூபாய் கொடுத்தான்.
என்னிடம் அவன் கேட்கவில்லை.
கேட்டால் கொடுக்கலாமென்று
தினமும் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

காலாண்டுத் தேர்வு.
1910 முதல் 1940 வரை காலக்கோடு வரைக.
எனக்கு முன்னால் அவன்.
பரீட்சை அட்டையின் விளிம்பை வைத்து
கோடு இழுத்தான்.
விளிம்பு ஓரிடத்தில் சிதைந்திருந்தது.
முப்பதைத் தாண்டும்போதெல்லாம்
பென்சில் அங்கே விழுந்து எழுந்தது.
மறுபடி இழுத்தான்.
மறுபடி அங்கேயே.

என் கோடு நேராக வந்தது.
வருஷத்துக்கு அரை சென்டிமீட்டர்.
பத்தொன்பதிலிருந்து முப்பத்தொன்பதுக்கு
சரியாகப் பத்து.
ஸ்கேல் நகர்ந்துவிடாமல்
தீ மேல்
கட்டைவிரலை அழுத்தி வைத்திருந்தேன்.