ஒன்பதாம் படியில் நாலு செக்கன்

நெடுங்கேணியிலிருந்து ஒலுமடுவுக்குப்
பதினேழு பக்கம் கொண்டுபோனேன்,
கிறவல் புழுதி படாமல் பொலித்தீன் உறையில்.
நீர் சுத்திகரிப்பு இயந்திரம்: இயக்குநர் கைநூல்.
கொழும்பில் மூன்று பேர் கையொப்பமிட்டது.
பிழை ஒன்றும் இல்லை அதில்,
சந்திப்பிழைகூட.

வாசிப்பவர் பக்கத்தில் இரு. உதவாதே.
விரல் எங்கே நிற்கிறதோ அங்கே குறி.
ஆய்வு முறை அவ்வளவுதான்,
மற்றதெல்லாம் அட்டவணை.

சுகிர்தமலர் சாவிக்கொத்தோடு வந்தார்.
முதல் வரியிலேயே விரல் நின்றது.
"மூன்றாம் வால்வு மூடப்படல் வேண்டும்."
"ஆரால?" என்றார்.
நான் வாய் திறக்கவில்லை.
"இஞ்ச என்னை விட்டா ஆர் இருக்கினம்?
மூடு எண்டு எழுதினா
உங்களுக்கு மை கூடச் செலவோ?"
பதினொரு செக்கன்.

பிறகு நாலாம் படி.
"நீல வால்வைத் திறக்கவும்.
திறப்பதற்கு முன் மோட்டர் நின்றிருப்பதை உறுதிசெய்யவும்."
முற்றுப்புள்ளியை மதிக்கிறவர் அவர்.
முதல் வாக்கியம் முடிந்ததும் திறந்தார்.
தண்ணீர் கூரைத் தகரத்தில் அடித்துத்
திரும்பி எங்கள் இருவர்மேலும் விழுந்தது.
பாலைமரத்துக் குரங்குகள்
எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

'முன்' என்ற சொல்லைப்
பின்னால் வைத்தவன் நான்.
மழை வந்தால் சூட்டை மூடு என்பார்கள்.
சூட்டை மூடு, மழை வந்தால் என்று
இந்த வயல்களில் எவரும் கத்தியதில்லை.
நான்தான் மூன்று வருடம் படித்துச்
சான்றிதழும் வாங்கி
அப்படி எழுதப் பழகியிருந்தேன்.

அந்த வாரம் ஐந்து பேர் வாசித்தார்கள்.
புவிநேசன் படத்தை மட்டும் பார்த்தான்.
படத்தில் குழாய் இடப்பக்கம், இங்கே வலம்.
இராசகேசரி நீல வால்வைத் தேடித் தேடி
வெயிலில் சாம்பலாகிப்போன ஒன்றை
மூன்று தரம் தாண்டிப் போனார்.
"போதுமான உப்பு" என்றதற்கு
ஒருவர் ஒரு கைப்பிடி,
ஒருவர் ஜாம் போத்தல் மூடி,
ஒருவர் என் முகம்.

பதினேழு பக்கம் ஒரு தாளாகிச்
சுவரில் ஏறிற்று.
மாதிரி சிறியது, நடை கொச்சை
என்று கொழும்பு எழுதியது.
இருக்கட்டும்.
பின்னேரம் கலனோடு வருகிறவர்கள்
நிரப்பிக்கொண்டு போகிறார்கள்,
கேத்தில் அடியில் வெள்ளை படிவதில்லையாம்.

ஆனாலும் ஒன்பதாம் படியில்
சுகிர்தமலரின் விரல்
இன்னும் நாலு செக்கன் நிற்கிறது.
"கழிவுத் தண்ணீரை வெளியே விடு."
நாலும் தெரிந்த சொல்.
கேட்டால் ஒண்டுமில்லை என்கிறார்.
யன்னலால் பார்க்கிறார்:
குழாய் முடிகிற இடத்தில்
உப்புப் பூத்த மண்,
இலை நுனி கருகிய ஒரு கொய்யா,
அதற்கு அப்பால் அவருடைய வேலி.

குறித்துக்கொண்டேன்.
எந்த நிரலில் போடுவது என்றுதான் தெரியவில்லை.