ஃபுல் டேங்க்

கிளம்பாத வண்டியை மன்னித்துவிடலாம்.
பேட்டரி, செல்ஃப், ஒயர், அதோடு முடிந்தது கதை.
இது கிளம்பும்.
முதல் சாவியிலேயே, நல்ல பிள்ளையாட்டம்.
கொருக்குப்பேட்டை கேட் வரைக்கும் போய்
ஒரு இருமல்கூட இல்லாமல்
நின்றுவிடும்.

கோட்டீஸ்வரியின் ஆம்னி.
பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
இட்லி அண்டா ரெண்டு, சாம்பார் தூக்கு, வடகறி.
வியாசர்பாடியில் நாலரைக்கு எடுத்தால்
ஐந்துக்குள் எண்ணூர் ரோட்டில் இருக்கணும்.
துறைமுகத்துக்குள் போக
ராத்திரியெல்லாம் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள்
அந்த நேரத்தில்தான் கண்ணைத் திறப்பார்கள்.

"கேட்டு போட்டா நிக்கணும் நைனா,
இது கேட்டு தொறந்தா நிக்குது."
பின்னால் அத்தனை ஹாரன்.
பத்து நிமிஷம் திட்டிவிட்டுச் சாவி போட்டால்
ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்புமாம்.

முதல் தடவை பிளக் மாற்றினேன்.
அடுத்து கார்ப்பரேட்டரைப் பிரித்து
ஜெட்டையெல்லாம் ஊதினேன்.
அப்புறம் காயில்.
அப்புறம் பம்ப்.
ஆக நாலாயிரத்து முந்நூறு.
ஒவ்வொரு தடவையும் என் கடை வாசலில்
ஒரு மணி நேரம் ஓடிக் காட்டியது.
மூடிய கேட்டின் இந்தப் பக்கம்
நானும் அதை நம்பினேன்.

ஐந்தாம் தடவை அவள் வண்டியோடு
ஒரு நோட்டையும் கொண்டுவந்தாள்.
இட்லிக் கணக்கு நோட்டு. கடன்காரர் பேர்களுக்கு நடுவே
பச்சை மையில் பெட்ரோல்.
"இருநூறு ரூபாய்க்கு போட்ட அன்னிக்கு
கேட்டு தாண்டி தண்டையார்பேட்டை வரைக்கும் போச்சு.
ஐநூறுக்குப் போட்டா கேட்டு.
ஃபுல் போட்டேன் பாரு,
தெருமுனையிலயே படுத்துக்கிச்சு.
இன்னா கணக்கு இது?"

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
வயிறு நிறைந்தால் சாகிற வண்டி.
முப்பது வருஷத்தில் யாரும்
இப்படி ஒரு வாக்கியத்தை என்னிடம் சொன்னதில்லை.

பேனட்டைத் திறக்காமல்
முதல் முறையாகப் பக்கவாட்டுக்குப் போனேன்.
டேங்க் மூடி இல்லை.
மூன்றாய் மடித்த பால் கவர்,
அதன் மேல் சைக்கிள் டியூப் ரப்பர், ஏழு சுற்று.
நான் பார்த்ததுதான். எத்தனை முறை!
கார்ப்பரேட்டர் கழுவ கால் லிட்டர் உருவ
இம்தியாஸ் அதை அவிழ்ப்பான்.
வண்டியை ஓட்டிப் பார்ப்போம், ஓடும்.
காசு வாங்குவேன்.
பொறுப்பான பையன்,
அனுப்பும்போது முன்னைவிட இறுக்கமாய்க் கட்டுவான்.

"மூடி எப்போ போச்சு?"
"மாட்டுப் பொங்கலுக்கு மொத வாரம்.
பங்க்ல கூரை மேல வெச்சிட்டு வந்துட்டேன்."
"நிக்க ஆரம்பிச்சது?"
அவள் பதில் சொல்லவில்லை.
கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது.
பெட்டிகளை எண்ணுவது போல
இருவரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஃபுல் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.
தெருமுனையில், சொன்ன சொல் தவறாமல், நின்றது.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
பால் கவர் உள்ளே இழுபட்டுக் குழிந்திருந்தது,
அழுது மூச்சுப் பிடித்த குழந்தையின்
வயிறு போல.
ரப்பரை அவிழ்த்தேன்.
ஸ்ஸ்ஸ் என்று உள்ளே ஓடியது காற்று,
மணலியிலிருந்து வரும் அதே நாற்றக் காற்றுதான்.
அதற்கு அது போதும்.
சாவி. கிளம்பியது.
கேட் தாண்டி, பாலம் ஏறி,
டோல்கேட் வரை போய்
நாங்கள் நிறுத்தினதால் நின்றது.

டேங்குக்கு வேறொரு மூச்சுக்குழாய் உண்டு.
அது திறந்திருந்தால்
பால் கவர் ஒரு குற்றமே இல்லை.
போன ஆடியில் டேங்க் ஒழுகியபோது
வெல்டிங் வைத்து அதை அடைத்தவன் யார்
என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஒரு ஊசியால் கவரில் ஓட்டை போட்டேன்.
ஓட்டைக்கு எவ்வளவு வாங்குவது
என்று யோசித்து முடிப்பதற்குள்
நோட்டை மூடிக்கொண்டு கேட்டாள்:

"அப்போ என் பழைய பம்பு
நல்லாத்தான் இருந்துச்சு?"

இம்தியாஸும் நானும்
இதோ, காயலான் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத்
தேடிக்கொண்டிருக்கிறோம்.
அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.
வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.
அணைக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.