தக்கவைப்புத் தொகை

அரசு கொடுத்த நாற்பது கோடியில்
வாடல் தொட்டிகளில் மறுபடி காற்று ஓடியது.
மூன்றாம் வாரமே அந்தப் பட்டியல்.
நான்தான் டைப் செய்தேன்:
ஏழு பெயர், ஏழுக்கும் கோயம்புத்தூர் முகவரி.
‘போனஸ்’ என்று அடித்திருந்ததை
ஜி.எம். சிவப்பு மையில் வெட்டி
‘தக்கவைப்புத் தொகை’ என்று எழுதினார்.
விட்டுப் போய்விடக் கூடாதாம்.

நாலாம் டிவிஷன் செபஸ்தியம்மாள்
கிராஜுவிட்டி கேட்டு
ஆறு வருஷமாக என் ஜன்னலுக்கு வருகிறாள்.
அவளை யாரும் தக்கவைக்கவில்லை.
போகவுமில்லை.

பட்டியல் எப்படி வெளியே போனதோ,
பிரிண்டரில் ஒரு தாள் கூடுதலாக வந்தது,
விசாரணையில் அவ்வளவுதான் சொன்னேன்.

சட்டசபையில் ஒரே கூச்சல் என்றார்கள்.
கோத்தகிரியில் இரண்டு கட்சிக்கும்
தனித்தனிக் கொடும்பாவி.
உள்ளே திணித்தது கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி;
பனியில் ஊறி, பற்றவேயில்லை.
மண்ணெண்ணெய்க்கு ஆள் ஓடியது.

அதுவரை
டை கட்டிய பொம்மையைத் தூக்கி
பஸ் நிழற்குடை பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
மழைக்கு ஒதுங்கியிருந்த செபஸ்தியம்மாள்
கூடையை மடியில் எடுத்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்து
அதற்கும் இடம் விட்டாள்.