ஆறாவது செவுள்

இரவு இரண்டே கால்.
பாத்தோஸ் காயல் கடலில் வாய் வைக்கும் ஊர் இது,
ரியோ கிராந்தி.
ஒன்பதாவது நாளாக மழை.
வடக்கே மலைகளில் பெய்ததெல்லாம்
இந்த ஒரு முகத்துவாரத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஒரு நண்டின் செவுளில் நகக்கண் அளவு வெட்டி
இரண்டு கண்ணாடிக் குழிகளுக்கு நடுவே
பொருத்திக்கொண்டிருக்கிறேன்.

முன்னால் ஐந்து ஜோடி, மூச்சுக்கு.
ஆறாவதிலிருந்து உப்புக்கு.
தாய்னா சேர்ந்த முதல் வாரம் கேட்டாள்,
உப்புக்கென்று தனி இடமா?
வீட்டில் சமையலறை தனியாக இருப்பதில்லையா என்றேன்.
எங்கள் வீட்டில் இல்லை, ஒரே அறை என்றாள்.
அதற்குப் பிறகு
உவமை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆகவே உள்ளபடியே சொல்கிறேன்.
செல்லின் சவ்வில் ஒரு புரதம்.
மூன்று சோடியத்தை வெளியே தள்ளும்
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும்
ஒவ்வொரு சுற்றுக்கும் கைமேல் கூலி.
மூன்று, இரண்டு.
மூன்று, இரண்டு.
நேர் செய்ய முடியாத அந்த ஒன்றின் பாக்கியில் கொஞ்சம்
என் திரையில் பச்சைக் கோடாக நடுங்குகிறது.
நீர் இனிக்க இனிக்க
நண்டு இந்தப் புரதத்தைக் கூட்டிக்கொள்ளும்.
எத்தனை நாளில், எந்த மரபணு முதலில்?
நான்கு வருடமாக இதுதான் என் கேள்வி.

நண்டு கொண்டுவருபவர் ஜுராந்திர்.
சொந்தத் தொழில் இறால்.
படகோரத்தில் குனிந்து நீரை நாக்கில் வைத்துப் பார்த்து
சைபர் என்றார்.
மீட்டரை முக்கினேன். சைபர் புள்ளி நான்கு.
அந்தப் புள்ளி நான்குக்குத்தான்
எனக்குச் சம்பளம்.
இந்த வருடம் இறால் உள்ளே வராது என்றார்,
வலையை மடித்து வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு மின்சாரம் போனது.
மூன்றரைக்குக் காயல்
கதவைத் தட்டாமல் வந்தது.
ரொட்டி வாங்கி வைத்திருந்த பையும்
நான்கு வருடக் குறிப்பேடுகளில் இரண்டும் மிதந்தன.
தாய்னாவும் நானும் வாளியால் இறைத்தோம்.
மூன்று வாளி வெளியே போனால்
இரண்டு வாளி உள்ளே வந்தது.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

தொட்டிகள் வழிந்து நண்டுகள் இறங்கிவிட்டன.
ஓட்டில் நகப்பூச்சால் எண் எழுதியவை.
முப்பத்தொன்று மையவிலக்கியின் அடியில்,
எட்டு என் செருப்புக்குள்.
கடல்நீரில் வைத்தவை சிவப்பு எண்
நன்னீரில் வைத்தவை நீல எண்
இப்போது எல்லாம் ஒரே தண்ணீரில்.
ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.
இந்த ஊருக்கும்
மழை பெய்யாத இன்னொரு ஊர்
பக்கத்தில் வைக்கப்படவில்லை.

விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.
வகுப்பறைக்கு ஆறு குடும்பம்.
முற்றத்தில் ஐம்பது லிட்டர் பாத்திரத்தில் கறுப்பு பீன்ஸ்.
ஜுராந்திர் ஒரு கரண்டி வாயில் வைத்து
அதே முகத்தோடு சொன்னார், சைபர்.
உப்பு மூட்டை வந்த லாரி
பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறதாம்.

இடுப்பளவு நீரில் திரும்ப நடந்தேன்.
மேல்தட்டில் ஒரு புட்டி, பிரிக்காதது.
சோடியம் குளோரைடு, ஒரு கிலோ,
தூய்மை தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து.
உணவுக்கல்ல என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது.
தலைமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.

சமையலைப் பார்த்துக்கொண்ட இயோலாந்தா
அந்தச் சிவப்பு எழுத்தை இரண்டு முறை வாசித்தாள்,
என் முகத்தை ஒரு முறை.
நானே ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுக் காட்டினேன்.
கையளந்து போட்டுக் கிளறினாள்.
ருசி பார்த்தாள்.
இன்னும் கொஞ்சம், என்றாள்.

நீர் வடியப் பதினெட்டு நாள் ஆயிற்று.
இருப்புப் பதிவேட்டைத் துறை கேட்டது.
பொருள், அளவு, தேதி நிரப்பினேன்.
'நோக்கம்' என்ற கட்டத்தில்
வழக்கம்போல் எழுதினேன்:
அயனிக் கடத்தல்.