இடுப்பளவு

இருபத்திரண்டு வருடமாக
இந்த ஏரியின் தென்கரையோரம்
ரயிலில் டிக்கெட் பார்க்கிறேன்.
பாலட்டோன் எனக்கு
ஜன்னல் ஜன்னலாகத்தான் தெரியும்:
ஒன்றில் நாணல்,
அடுத்ததில் நீர்,
அதற்கடுத்ததில் யாரோ மறந்துபோன குடை.
தூரத்து வெள்ளைப் பாய்கள்
நின்றபடியே நகரும்.
டிக்கெட் இல்லாமல் போகிறவர்கள்
என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு
எனக்கு நானே பணம் கட்டினேன்.
ஆறு செவ்வாய்க்கிழமைகள்,
இரவலாய் ஓர் ஆரஞ்சு மிதவைச் சட்டை,
கற்றுத்தர எமோகே:
வயது இருபது, மூக்கில் வெள்ளைக் களிம்பு,
பல்லிடுக்கில் எப்போதும்
ஒரு சூரியகாந்தி விதை.

முதல் பாடம் புல்தரையில்.
கரையேறிக் கிடந்த படகில் உட்காரவைத்து
இல்லாத காற்றுக்குப் பின்சாயச் சொன்னாள்.
சாய்ந்தேன்.
பூண்டு தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்த
ஒரு குடும்பம் கைதட்டியது.

"காற்று எங்கிருந்து?"
வேறு கேள்வியே அவளிடம் இல்லை.
நான் கொடிமரத்தைத் தேடுவேன்.
"கன்னத்தைக் கேளுங்கள், பிரோஷ்கா."
என் கன்னம்
இத்தனை காலம் சம்பளமில்லா விடுப்பில்
இருந்திருக்கிறது.

ஓர் ஊருக்குப் போக
அந்த ஊரைப் பார்த்துப் போனால் போதும்,
தண்டவாளம் எனக்கு அப்படித்தான்
சொல்லித்தந்தது.
இங்கே எதிர்க்கரையில் திஹனி தெரிகிறது,
தேவாலயத்தின் இரண்டு கோபுரமும் தெரிகிறது,
காற்றும் அங்கிருந்துதான் வருகிறது,
ஆகவே அங்கே போக முடியாது.
போகலாம்,
இடப்பக்கம் கொஞ்சம் பொய் சொல்லி
வலப்பக்கம் கொஞ்சம் பொய் சொல்லி.
இரண்டு பொய்க்கும் நடுவில்
பாயின் குறுக்குக்கட்டை
தலைக்கு மேல் வீசும்.
"குனியுங்கள்!" என்றாள்.
"என்ன?" என்றேன்.
மறுநாள் அந்த வீக்கம்
தொப்பிக்குள் அடங்கவில்லை.

மூன்றாம் செவ்வாய் காற்றே இல்லை.
நடு நீரில் விதை தின்றோம்.
நான்காவது எனக்கு இரவுப்பணி.

ஐந்தாவதில், கரையில் புயல்விளக்கு
மெதுவாய்க் கண்சிமிட்டத் தொடங்கியது.
"திரும்புவோம்."
சுக்கான் என் கையில், கயிறும் என் கையில்.
விட வேண்டிய நேரத்தில் இறுக்கிப் பிடித்தேன்.
(மணவாழ்க்கையிலும் அதைத்தான் செய்தேன்,
அது வேறு கதை.)
பாய் என்று ஏன் பெயர் வந்ததென
அப்போது புரிந்தது:
பாய்ந்தது.
படகு தன் அடிவயிற்றை
வானத்துக்குக் காட்டிக்கொண்டு புரண்டது.

நீருக்குள் எல்லாம் பச்சைப் பால்.
நான் அவசர அவசரமாய்ச் செத்துக்கொண்டிருந்தேன்.
அடுப்பை அணைத்தேனா,
பூனைக்கு யார்,
ஓய்வூதியப் படிவத்தில் கையெழுத்து,
எல்லாம் பெட்டி பெட்டியாய்
என்னைக் கடந்துபோயின.
மேலே ஒரு குரல்:
"எழுந்து நில்லுங்கள்."
எதன்மேல் நிற்க?
"பிரோஷ்கா. நில்லுங்கள்."

நின்றேன்.
இடுப்பளவு.

கால்விரல்களுக்கிடையே வெதுவெதுவென்று சேறு.
பேருந்துக்குக் காத்திருப்பவள்போல
சற்றுத் தள்ளி நின்றிருந்தாள் எமோகே.
சிரிக்கவில்லை.
அதை நான் மறக்கமாட்டேன்.
"இந்தக் கரை நெடுக இப்படித்தான்," என்று
விதைத்தோலைத் துப்பினாள்.
"அந்தப் பக்கம்தான் ஆழம்."

சேற்றில் குத்தியிருந்த பாய்மர நுனியைப் பிடுங்கி
படகை நிமிர்த்தினோம்.
மழை தொடங்கிவிட்டது.
ஏறிக்கொள்ளவில்லை,
முரண்டு பிடிக்கும் குதிரையை
லாயத்துக்குக் கூட்டிவருவதுபோல்
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
ஏரியில் நடந்தே வந்தோம்.
வெகுதூரம். கரையில் விளக்கு
இப்போது வேகமாய்ச் சிமிட்டியது.

இன்று திங்கள்.
ஃபோன்யோட் நிலையத்தில் வண்டி நின்றிருந்தபோது
ஒரு பையன், டிக்கெட் இல்லை,
அபராதச் சீட்டில் பேனாவை வைத்துவிட்டேன்.
திறந்த ஜன்னல் வழியே
இடக் கன்னத்தில் ஏதோ பட்டது.
"வடமேற்கு," என்றேன்.
"என்ன?" என்றான் பையன்.

நாளை கேட்க வேண்டும்,
அந்தப் பக்கம் போகலாமா என்று.