மிடறு

பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
டாக்டர் கூ "எசோஃபாகஸ்" என்றார்.
தாதி சுராயா "கெரொங்கோங்" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"உணவுக்குழாய்" என்றேன்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளுக்கெல்லாம்
குழாய் மாட்டிய வீரபத்திரன் சிரித்தார்.
"அடைப்புதானே? எத்தன அடியில?
பழைய பைப்ப வெட்டிட்டுப் புதுசு போட்டா ஆச்சு."
விரலை வளைத்து
முக்கால் அங்குலம் என்று அளவும் காட்டினார்.

தொண்டை என்று சொல்லியிருக்கலாம்,
அது மேலேயே நின்றுவிடும்.
கண்டம் என்றால்
நேரே ஜாதகத்தில் போய் விழும்.
யாழ்ப்பாணத்துப் பாடநூலில் அதன் பெயர் களம்.
களத்தில் நெல்லும் கிடக்கும், ஆளும் கிடப்பான்.
வாயைத் திறக்கவில்லை நான்.

திரையில் ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம்.
பாதி வழியில்
வெள்ளையாக ஏதோ ஒன்று.
டாக்டர் அதைச் சுற்றி வட்டம் போட்டு
மூன்று வரி எழுதினார்.
எனக்கு அந்த வரிகள் புரிந்தன.
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

மத்தியானம் மயக்கம் தெளிந்ததும்
"ஒரு மிடறு தண்ணி குடிக்கலாம்" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
இறங்கும் நீருக்கும்
இறங்கும் வழிக்கும்
அதே பெயர்.

காகிதக் கோப்பை.
குரல்வளை ஏறி, இறங்கியது.
சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று
காது வைத்துக் கேட்பவர்போல்
தலையைச் சாய்த்திருந்தார் வீரபத்திரன்.
கோப்பையில் மீதி அப்படியே இருந்தது.

"போவுது," என்றார்.
"மெதுவாத்தான் போவுது."